ஒருவகைப் பறவை

அடும்பு என்பது ஒருவகைக் கொடி. ஞாழல் ஒருவகை மரம். குருகு ஒருவகைப் பறவை. இளங்கலை வகுப்பில் நெய்தல் திணையை நடத்தும்போதெல்லாம் இப்படித்தான் பொருள் சொல்லிவந்தோம். எங்களுக்கு நடத்திய ஆசிரியர்களும் இப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் கையிலிருந்த உரைகளும் பல இடங்களில் அவ்வளவோடு நின்றுகொண்டன. மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள், தேர்விலும் ‘ஒருவகைக் கொடி’ என்றே எழுதுவார்கள், நாங்களும் முழு மதிப்பெண் போடுவோம்.

நாற்பது வயதைக் கடந்த பிறகுதான் இதில் ஏதோ உறுத்தத் தொடங்கியது. எங்கள் கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் நாங்கள் இருவர், தாவரவியல் துறை நண்பர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற அஞ்சல்துறை அன்பர் ஒருவர் என நால்வர் சேர்ந்தோம். வண்டி அஞ்சல்காரருடையது, பழைய ஆம்னி. மழை பெய்கிற வார இறுதிகளில் காட்டுக்கோ கடற்கரைக்கோ போய்வருவது என்று முடிவு செய்தோம். மழைநாளில் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். வெயில் நாளில் இந்தப் பக்கத்தில் மனிதன் வெளியே போகமாட்டான், பறவையும் விலங்கும் மட்டும் வருமா?

சங்கரன்கோவிலின் இருப்பு கொஞ்சம் வேடிக்கையானது. மாடியில் ஏறி நின்றால் மேற்கே மலைத்தொடர் சுவர்போல் தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் அதன்மேல் மேகம் திரண்டு கிடப்பதைப் பார்க்கலாம். காற்று மட்டும் எங்கள் ஊர் வரைக்கும் வரும். ஆடித்தபசுக்குக் கூடுகிற கூட்டம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அந்தக் காற்றில்தான் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வருகிற மழை கடற்கரையிலும் ஆற்றுப் படுகையிலும் கொட்டித் தீர்த்துவிட்டு மிச்சமிருந்தால் இங்கே எட்டிப்பார்க்கும். இரண்டு பக்கமிருந்தும் மழை வரவேண்டிய ஊர். இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்வதற்குள் தீர்ந்துபோகிற ஊர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் காட்டும் இலக்கணத்தை நடத்தும்போது எங்கள் மாணவர்களுக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை.

ஆகவே எங்கள் நாட்காட்டி எளிது. ஆடியில் மேற்கு, ஐப்பசிக்குப் பின் கிழக்கும் தெற்கும்.

மேற்குப் பயணங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் போகிற இடங்கள்தாம். காலை ரயிலில் ஏறினால் பாம்புக்கோவில் சந்தை, கடையநல்லூர், தென்காசி வழியாகச் செங்கோட்டை. அங்கிருந்து 2018-இல் அகலப்பாதையாகி மீண்டும் திறக்கப்பட்ட புனலூர்த் தடத்தில் போனால், பகவதிபுரம் கழிந்ததும் நீண்ட குகைப்பாதை வரும். இந்தப் பக்கம் வெயிலும் காற்றுமாக நுழைந்த வண்டி, அந்தப் பக்கம் ஆரியங்காவில் மழைக்குள் வெளிப்பட்டதை ஒருமுறை கண்டோம். அஞ்சல்காரர் குழந்தைபோலக் கைதட்டினார்.

குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் போவதை நாங்கள் தவிர்த்துவிடுகிறோம். எண்ணெய், சீயக்காய், நெரிசல், அதற்கு மேல் குரங்குகளின் அதிகாரம். திரிகூடராசப்பக் கவிராயர் அந்த மலையைப் பாடியதுபோல் இனி ஒருவர் பாட முடியுமா என்பது ஐயமே. குறவஞ்சியில் சிங்கன் வயல்களில் வந்து இறங்கும் பறவைகளை அடுக்கிக்கொண்டே போகிறான். அதை நடத்தும்போதும் நாங்கள் ‘இவையெல்லாம் பறவைகள்’ என்று சொல்லி நகர்ந்தவர்கள்தாம். அருவியைப் பற்றிய எங்கள் மகிழ்ச்சியும் 2024 மே 17-க்குப் பிறகு முன்போல் இல்லை. அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று இறங்கிய காட்டாற்று வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போயிற்று. கீழே வெயில், மேலே மழை. குளிப்பவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள செண்பகத்தோப்பு எங்களுக்கு அணுக்கமான இடம். சாம்பல்நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான காட்டின் வாசல் அது. ஆவணிக் கடைசியில் ஒருநாள், அனுமதிக்கப்பட்ட பாதையில் தாவரவியல் நண்பர் சட்டென்று நின்று, “இதுதான் உங்க வேங்கை” என்றார். மரம் பூத்திருந்தது. அடியில் கறுத்த பாறை ஒன்று. நனைந்த பாறையின்மேல் மஞ்சள் பூக்கள் சிதறிக் கிடந்தன. அந்தப் பாறையைப் புலிக்குட்டி என்று மயங்கும் குறுந்தொகை உவமையை இருபது ஆண்டு நடத்தியிருக்கிறோம், கொஞ்சம் மிகைதான் என்ற எண்ணத்தோடு. மங்கிய வெளிச்சத்தில் பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது அது மிகையாகப் படவில்லை. இரவில் காதலியைத் தேடி வருகிறவன் அந்த வழியில் நடந்தால் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் துடிக்கும். அன்று சாம்பல் அணிலைக் காணவில்லை, கிளைக்கவட்டில் அதன் கூட்டை மட்டும் கண்டோம். அஞ்சல்காரர் பிரியாணிக்கு நேரமாகிவிட்டது என்று எங்களை இழுத்துக்கொண்டு திரும்பினார். (எங்கள் ஊர்ப் பிரியாணியை அறிந்தவர்கள் அவரைக் குறை சொல்லமாட்டார்கள்.)

முல்லைக்கு வல்லநாடு. நெல்லையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில், 1987-இல் வெளிமான்களுக்கென ஒதுக்கிய சிறு குன்றும் புதர்க்காடும். வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் இதுவே என்பார்கள். புரட்டாசி மழையில் குடைபிடித்து இரண்டு மணி நேரம் நின்றும் ஒன்றும் தென்படவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் தமிழாசிரியர் இருவருக்கும் சண்டை: இரலை என்பது பொதுவாக ஆண்மானா, அல்லது முறுக்குக் கொம்புடைய இந்த வெளிமான்தானா என்று. மழை விட்டதும் சரிவில் ஏழெட்டுப் பெட்டைகள் வெளிப்பட்டன. பின்னால் ஓர் ஆண், முதுகு கறுத்து, வயிறு வெளுத்து, திருகிய இரண்டு கொம்புகளை வானத்துக்கு நீட்டிக்கொண்டு வந்தது. சண்டை முடிந்தது. கார்காலம் வந்தும் தலைவன் வரவில்லையே என்று ஏங்குகிறவளின் கண்ணில் இந்த இரலையும் பிணையும் ஏன் படவேண்டும் என்பதும் அப்போதுதான் விளங்கியது. மழையில் நனைந்த வெளியில் அவை ஒன்றையொன்று விட்டு விலகாமல் நடந்தன.

கூந்தன்குளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். நாங்குநேரி வட்டத்தில் உள்ள குளம். 1994-இல் சரணாலயம், 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் இந்தப் பட்டங்களுக்கு முன்பே ஊர்க்காரர்கள் அதைச் சரணாலயமாக வைத்திருந்தார்கள். பறவைகள் குளத்தில் மட்டும் இல்லை, ஊருக்குள் வீட்டு மரங்களிலும் கூடு கட்டுகின்றன. வாசலில் கோலம், கோலத்துக்கு மேலே கிளையில் நாரைக் குஞ்சு, குஞ்சு தவறவிட்ட மீன் கோலத்தின்மேல். நாற்றத்தைச் சொல்லில் எழுத முடியாது. யாரும் முகம் சுளிக்கவில்லை. தீபாவளிக்கு வெடி போடாத ஊர். எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது என்பது உண்மைதான் என்றாலும், அந்த ஆதாயத்துக்காகவே இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு பாட்டி எங்களிடம் சொன்னார்: “மக பேறுகாலத்துக்கு வீட்டுக்கு வர்ற மாதிரிதானய்யா.”

கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நத்தைகுத்தி நாரை, இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து. பெயர்களை ஒவ்வொன்றாகக் கற்றோம். பி.எல்.சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ நூலை எங்கள் துறை நூலகத்தில் தேடியபோது அதன்மேல் தூசி படிந்திருந்தது. எடுத்தவர் பட்டியலில் எங்கள் பெயர்கள் இல்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். அரிவாள்மூக்கன்களில் ஒன்றுதான் அன்றில் என்று கருதுவோர் உண்டு. பிரிந்தால் உயிர்விடும் பறவை என்று நாங்கள் உருகி உருகிச் சொன்னது, சேற்றைக் கிளறிப் புழுத் தின்றுகொண்டிருந்தது.

அங்கே ஓர் ஆசையும் உடைந்தது. கூந்தன்குளத்தில் மிகுதியாகக் கூடு கட்டும் சங்குவளை நாரையைக் கண்டதும் ‘சத்திமுத்தப் புலவரின் நாரை’ என்று கூவிவிட்டோம். தாவரவியல் நண்பர்தான் பைனாகுலரைக் கொடுத்து அலகைப் பார்க்கச் சொன்னார். மஞ்சள். புலவரோ பிளந்த பனங்கிழங்கையும் பவளத்தையும் சொல்கிறார். சிவந்த அலகும் சிவந்த காலுமாக, குளிர்காலத்தில் வடக்கே வெகுதொலைவிலிருந்து வந்து திரும்பும் வெள்ளை நாரைக்குத்தான் அது பொருந்தும். தென்திசைக் குமரிக்குப் போய் வடக்கே திரும்புகையில் என் மனைவியிடம் சொல் என்று புலவர் வேண்டுவதும் வலசைப் பறவையிடம்தானே நடக்கும்? பசியோடு மதுரையில் குளிரில் கிடந்த ஒருவர் இவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறார். சம்பளத்தோடு மின்விசிறிக்குக் கீழே இருந்த நாங்கள் பார்க்கவில்லை.

இனி அடும்புக்கு வரலாம்.

2022 ஆகஸ்டில் முதலாண்டு வகுப்பில் வழக்கம்போல் ‘ஒருவகைக் கொடி’ என்றபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊர் அவளுடையது. பெரியம்மா வீட்டில் தங்கிப் படிக்க இங்கே வந்தவள். “ஐயா, அது அடப்பங்கொடிதான? எங்கூர்ல கடற்கரை பூரா கெடக்கும். எல ஆட்டுக் கொளம்பு மாதிரி ரெண்டாப் பொளந்திருக்கும்” என்றாள். வகுப்பு சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. அடும்பின் இலையை மானின் குளம்போடு ஒப்பிட்ட குறுந்தொகைப் பாட்டு அன்றைய பாடத்திலேயே இருந்தது. மாலையில் தாவரவியல் நண்பரிடம் சொன்னபோது அவர் இன்னொன்றைச் சொன்னார்: லின்னேயஸ் அதற்கு வைத்த சிற்றினப் பெயருக்கே ‘ஆட்டின் பாதம்’ என்றுதான் பொருளாம். சங்கப் புலவர், சுவீடன் நாட்டு அறிஞர், கடைசி வரிசை மாணவி என்று மூவர் பார்த்ததை உரைகாரர்களும் நாங்களும் பார்க்காமலே பொருள் சொல்லியிருக்கிறோம்.

அந்தக் கார்த்திகையில் அவள் ஊருக்குப் போனோம். தூறல். மணல்மேட்டில் அடும்பு ஊதாப் பூக்களோடு படர்ந்து கிடந்தது. தோளில் வலையோடு அவள் அப்பா எங்களை அழைத்துப்போனார். இந்தக் கொடி இல்லையென்றால் மணல் நிற்காது என்றார். கொடிக்கு இந்தப் பக்கம் பங்குனி ஆமை முட்டையிட ஏறிவரும் இடத்தைக் காட்டினார். ஓங்கல் எப்போது கரையருகே வரும், வான்தீவுப் பக்கம் கடல் எப்படி நிறம் மாறும் என்றெல்லாம் சொன்னார். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியதால் தூத்துக்குடிக்கு எதிரே விலாங்குசல்லி என்ற தீவு நீருக்குள் போன கதையையும் சொன்னார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்காவாயின என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு தீவு மூழ்குவதைப் பார்த்த தலைமுறையோடு பேசுவது வேறு.

திமிங்கிலங்களைப் பற்றி அவராகச் சொல்லவில்லை. மகள்தான் சொல்லச் சொன்னாள். 2016 ஜனவரியில் பொங்கலுக்குச் சில நாள் முன்பு, மணப்பாடு தொடங்கித் திருச்செந்தூர்ப் பக்கம் வரை எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. ஊரே இறங்கித் தள்ளியது. வள்ளத்தில் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள். விட்ட சிறிது நேரத்தில் திரும்பிக் கரைக்கு வந்தன. மறுபடி இழுத்தார்கள், மறுபடி வந்தன. “குட்டி ஒண்ணு ரெண்டு தடவ கொண்டுபோய் விட்டேன், சார். மூணாவது தடவ என் வள்ளத்துக்கு முந்திக் கரைக்கு வந்துட்டு” என்றார். பாதிக்கு மேல் இறந்தன. இதே கடற்கரையில் 1973 ஜனவரியிலும் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கியதாகப் பதிவு உண்டு. காரணம் என்ன என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, “கூட்டத்த விட்டுப் போக மாட்டேங்குது” என்று மட்டும் சொன்னார். பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபடுவதை நாட்டார் தெய்வ வழிபாட்டுக்குச் சான்றாக நடத்திவருகிறோம். அதற்குப் பின்னால் இருந்திருக்கக்கூடிய உறவும் அச்சமும் வகுப்பில் எங்களுக்கு வாய்த்ததில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கனமழை எச்சரிக்கை வந்திருந்தது. எங்களுக்கு அது நற்செய்தி. குளம் பெருகும், தை மாதம் பறவை நிறையும். அதிகாலையிலேயே கூந்தன்குளத்துக்குக் கிளம்பினோம். நெல்லையை அடைவதற்குள் வைப்பர் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது, கண்ணாடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மேலே போக முடியாது என்று தெரிந்ததும் எரிச்சல்தான் வந்தது. குறுக்குத்துறைப் பக்கம் ஒதுங்கி, முருகன் கோவிலை மூடிக்கொண்டு ஓடிய தாமிரபரணியைக் கைப்பேசியில் படம் எடுத்தோம். ‘தண்பொருநை பொங்கினாள்’ என்று தலைப்பிட்டு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். மாலைக்குள் வீடு வந்து சுக்குக்காப்பி குடித்தோம்.

அந்த ஒருநாளில் காயல்பட்டினத்தில் 90 செ.மீ.க்கு மேல் மழை. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட மிகுதி. ஏரல் தனித்தீவாயிற்று, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. பருவத்தேர்வு முடிந்து அந்த மாணவி ஊரில் இருந்தாள். கைப்பேசி அணைந்திருந்தது. திங்கள், செவ்வாய், புதன். எங்கள் படத்தின் கீழே சில கைகூப்பல்களும் ஒரு ‘அருமை ஐயா’வும் இருந்தன. யார் யார் பார்த்தார்கள் என்று காட்டும் பட்டியலில் அவள் பெயர் ஞாயிறு மதியத்து நேரத்தோடு இருந்தது. நீக்கலாமா என்று எங்களுக்குள் பேசினோம். நீக்கினால் மட்டும் என்ன ஆகும் என்று விட்டுவிட்டோம். இன்றும் அது அங்கேதான் கிடக்கிறது.

வியாழனன்று பேசினாள். எல்லாரும் கோவில் மாடியில் இருப்பதாகவும், அப்பா இல்லை என்றும் சொன்னாள். எங்களுக்கு ஒரு கணம் மூச்சு நின்றது. “வள்ளத்த லாரில ஏத்திக்கிட்டு உள்ளூர்ப் பக்கம் ஆள் தூக்கப் போயிருக்காவ, ஐயா” என்றாள். கடலில் போகவேண்டிய வள்ளங்கள் அந்த வாரம் வாழைத்தோட்டத்துக்கும் நெல்வயலுக்கும் மேலாக ஓடின.

ஜனவரியில் அரிசியும் பாயும், மாணவர்கள் சேர்த்த நோட்டுகளும் ஏற்றிக்கொண்டு போனோம். ஏரலுக்கருகில் பெருங்குளம் வழியாகத்தான் பாதை. நாவலாசிரியர் அ.மாதவையா பிறந்த ஊர். அவர் மகன் மா.கிருஷ்ணனின் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ கட்டுரைகளைப் படித்துத்தான் எங்களுக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது. வழியெல்லாம் வாழை ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. நீர் வடியாத வயல்களில் கொக்கும் நாரையும் கூட்டங்கூட்டமாக மேய்ந்தன. வேறு எந்த ஆண்டென்றாலும் வண்டியை நிறுத்தி எண்ணியிருப்போம். ஒருவரும் பைனாகுலரை எடுக்கவில்லை. அஞ்சல்காரர் மட்டும், “அதுகளுக்கு நல்ல வருஷம்” என்றார். அதில் கசப்பு இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

அவள் ஊர்க் கடற்கரையில் மணல்மேட்டின் ஒரு பகுதியை வெள்ளம் அரித்துக் கடலுக்குள் தள்ளியிருந்தது. ஆற்றிலிருந்து வந்த ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் கரையில் கறுத்துக் கிடந்தன. அடும்பு படர்ந்திருந்த இடம் மொட்டையாக இருந்தது. நாங்கள் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு அவள், “வேரு போயிருக்காது ஐயா, வந்துரும்” என்றாள். பிறகு அப்பாவின் வலையில் சிக்கியிருந்த முள்ளை எடுக்க உட்கார்ந்துவிட்டாள். எங்களுக்கும் ஓர் ஓரத்தைக் கொடுத்தாள். முள் எடுக்க எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் எடுத்த இடத்தில் கண்ணி அறுந்தது. அவர் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டார்.

அந்தப் படத்தைப் பற்றி அவள் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. நாங்களும் கேட்கவில்லை. அவள் பட்டம் பெற்றுப் போய்விட்டாள்.

மழை வார இறுதிகளில் இப்போதும் போகிறோம். எச்சரிக்கை அறிவிப்பு வந்தால் முதலில் கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பேசிவிட்டு, பிறகுதான் போவதா வேண்டாமா என்று பேசிக்கொள்கிறோம். நெய்தல் பாடம் வரும்போது ஒரு காகிதப் பையில் அடும்பிலையைக் கொண்டுபோகிறோம். ஞாழல்தான் இன்னும் பிடிபடவில்லை. உரைகள் புலிநகக்கொன்றை என்கின்றன, பி.ஏ.கிருஷ்ணன் அந்தப் பெயரில் நாவலே எழுதிவிட்டார். தாவரவியல் நண்பர் இரண்டு செடிகளைச் சொல்லி, இரண்டிலும் ஐயம் என்கிறார். மணப்பாட்டுப் பக்கம் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு மரம் இருப்பதாக அவள் அப்பா போனில் சொன்னார். பூக்கும்போது சொல்கிறேன் என்றிருக்கிறார்.